ஐ.ஸி.யு. கதவுக்குப் பின்னால் யார் யார்?

"காலையிலே வந்த டாக்டர் 'தேவலை'ன்னார். மத்தியானம் வந்தவர் 'இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது'ன்னார். ராத்திரி நர்ஸைக் கேட்டா 'டாக்டரைக் கேளுங்க'ன்னுட்டாங்க. எங்க மாமியாருக்கு நிஜமா வைத்தியம் பார்க்கிறது யாரு? யாரை நம்பறது?"

ஐ.ஸி.யு. என்று நாம் சொல்லும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு ராத்திரியாவது உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி தெரிந்திருக்கும். வீட்டில் குழந்தைக்கு ஜுரம் என்றால் நமக்குப் பழக்கமான டாக்டர் ஒருவர் இருக்கிறார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்பார். நல்லதோ கெட்டதோ, கேட்பதற்கு ஓர் ஆள் உண்டு. ஐ.ஸி.யு.வில் அப்படி இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு புது முகம். ஒருவர் ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார், இன்னொருவர் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வருகிறார். 'இத்தனை பேரில் பொறுப்பு யாருக்கு?' என்று வயிற்றைக் கலக்குவது நியாயம்தான்.

ஆனால் ஒரு விஷயம், சகோதரிகளே. இத்தனை பேர் இருப்பது அங்கே குறை அல்ல. அதுதான் வைத்தியமே. ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அந்த மாதிரி. ஆனால் வடம் பிடிப்பவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் தேர் நகராது. எல்லோரும் ஒரே பக்கம் இழுக்கிறார்களா என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அது எப்படி என்று இந்த இதழில் பார்க்கலாம்.

1,500 மாணவர்களின் கைகள்

ஐ.ஸி.யு. என்ற ஏற்பாடு பிறந்த கதையே பல கைகள் சேர்ந்த கதைதான். 1952-ஆம் வருஷம் டென்மார்க் நாட்டின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பயங்கரமாகப் பரவியது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் 50 பேர் வரை சேர்க்கப்பட்ட நாட்கள் உண்டு. பலருக்கு மூச்சு விடும் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலற்றுப் போயின. உடம்பு முழுவதையும் உள்ளே வைத்து மூச்சு விட உதவும் 'இரும்பு நுரையீரல்' என்ற பெரிய இயந்திரம் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று. மார்பை மட்டும் மூடும் சிறிய கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் இந்தக் கருவிகளின் உதவியோடு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் சின்னஞ்சிறுசுகளும் உண்டு.

அப்போது ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவரான லாஸன், பியோர்ன் இப்ஸன் என்ற மயக்க மருந்து டாக்டரை ஆலோசனைக்கு அழைத்தார். ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே மயக்க மருந்து டாக்டருக்கு என்ன வேலை என்று நினைத்த காலம் அது. ஆனால் இப்ஸன் ஒன்றைக் கண்டுகொண்டார். 'இவர்கள் சாவது மூளையைத் தாக்கும் கிருமியால் மட்டுமல்ல. மூச்சு போதாமல், உள்ளே கரியமில வாயு தேங்கிப் போவதால்' என்றார். ஆகஸ்டு மாதக் கடைசியில், உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் சிறு துளையிட்டு, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அவள் நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்திக் காட்டினார். அந்தச் சிறுமி பிழைத்தாள்.

சரி, ஒரு குழந்தைக்குச் செய்தாயிற்று. ஒரே சமயத்தில் 70 பேருக்கு இப்படி மூச்சுக் கொடுக்க வேண்டிய நிலைமை வந்ததே, அதற்கு என்ன செய்வது? இயந்திரம் இல்லை. ஆகவே மருத்துவக் கல்லூரி மாணவர்களையும் பல் மருத்துவ மாணவர்களையும் அழைத்தார்கள். சுமார் 1,500 பேர் வந்தார்கள். முறை போட்டுக்கொண்டு, படுக்கையருகே உட்கார்ந்து, இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். நர்ஸுகள் சளியை உறிஞ்சி எடுத்து, புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பரிசோதனைக்கூடத்தில் ரத்தத்தைச் சோதித்து, மூச்சு போதுமா போதாதா என்று சொன்னார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். அடுத்த வருஷம், 1953 டிசம்பரில், அதே நகரின் இன்னோர் ஆஸ்பத்திரியில் இப்ஸன் ஏற்படுத்திய தனிப் பிரிவைத்தான் உலகின் முதல் ஐ.ஸி.யு. என்று பலரும் சொல்கிறார்கள்.

கவனித்தீர்களா? புதிதாக ஒரு மருந்துகூட அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த அறிவும் இருந்த ஆட்களும் ஓர் ஒழுங்கில் சேர்ந்தார்கள். உயிர் பிழைத்தது அதனால்தான்.

உள்ளே யார், என்ன வேலை?

இன்றைக்கு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் உள்ளே படுத்திருந்தால், அவரைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் இவர்களாக இருப்பார்கள்.

தீவிர சிகிச்சை டாக்டர்: கல்யாணத்தில் தலைமைச் சமையற்காரர் மாதிரி. எந்த அடுப்பில் எது, எப்போது இறக்குவது என்ற முழுக் கணக்கும் இவர் தலையில்.

சிறப்பு டாக்டர்கள்: இதயம், சிறுநீரகம், நரம்பு என்று அவரவர் துறையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர்கள் தங்கள் உறுப்பைப் பற்றித்தான் சொல்வார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ்: கட்டிலை விட்டு நகராதவர். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் நல்ல ஏற்பாடு என்று சொல்கிறார்கள். எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை. நோயாளியின் முகம் சற்று மாறினாலும் முதலில் கண்ணில் படுவது இவருக்குத்தான்.

பிஸியோதெரபிஸ்ட்: நெஞ்சுச் சளியை வெளியே கொண்டுவரவும், கைகால் விறைத்துப் போகாமல் அசைத்து விடவும், உட்காரவைக்கவும் வருகிறவர்.

டயட்டீஷியன்: மூக்கு வழிக் குழாயில் போகும் ஆகாரம் எவ்வளவு, என்ன என்று கணக்குப் போடுகிறவர்.

மருந்தாளுநர்: இருபது மருந்துகள் ஒன்றோடு ஒன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்கிறவர். பெரிய ஆஸ்பத்திரிகளில் இவரும் டாக்டர்களோடு சுற்றி வருவார்.

வென்டிலேட்டரையும் மற்றக் கருவிகளையும் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்கள், வாயைத் துடைத்து, துணி மாற்றி, தரையைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்யும் ஊழியர்கள்: இவர்களையும் விட்டுவிடக் கூடாது. அங்கே கிருமிதான் பெரிய விரோதி. அதை விரட்டுகிறவர் எப்படிச் சின்ன ஆள் ஆவார்?

இவர்கள் சேர்ந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஒரு நோயாளியைக் குப்புறப் புரட்டிப் படுக்கவைப்பதைப் பார்க்க வேண்டும். நுரையீரல் மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு, ஒரு நாளில் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்கவைத்தால் பிழைப்பவர்கள் அதிகம் என்று 2013-இல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று காட்டியது. முதல் 28 நாட்களில் மல்லாந்து படுத்தவர்களில் 100-க்கு 33 பேர் இறந்தார்கள். குப்புறப் படுத்தவர்களில் 16 பேர். கொரோனா காலத்தில் இந்த முறையை ஊரெல்லாம் கேள்விப்பட்டோம். சொல்வதற்குச் சுலபம். ஆனால் வாயில் குழாய், கழுத்தில் குழாய், கையில் ஊசி என்று இருப்பவரைப் புரட்ட ஐந்தாறு பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொண்டு 'ஒன்று, இரண்டு, மூன்று' என்பார். அவர் சொல்லாமல் யாரும் கையை அசைக்கக் கூடாது. ஒருவர் முந்திக்கொண்டாலும் குழாய் கழன்றுவிடும்.

இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம்?

ஆட்கள் இருந்தால் மட்டும் போதாது. பேசிக்கொள்ள வேண்டும். நான்கு பேர் புழங்கும் சமையலறையில் யாரும் யாரையும் கேட்காமல் ஆளுக்கு ஒரு தடவை சாம்பாருக்கு உப்புப் போட்டால் என்ன ஆகும்? அல்லது 'அவள் போட்டிருப்பாள்' என்று எல்லோருமே சும்மா இருந்துவிட்டால்?

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி உலகப் பிரசித்தி பெற்றது. அங்கே ஓர் ஐ.ஸி.யு.வில், காலையில் டாக்டர்கள் சுற்றி வந்து போன பிறகு, இளம் டாக்டர்களையும் நர்ஸுகளையும் ஒரு கேள்வி கேட்டார்கள். 'இன்றைக்கு இந்த நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குப் புரிந்ததா?' புரிந்தது என்றவர்கள் 100-க்கு 10 பேர்கூட இல்லை!

அதன்பிறகு ஒரே ஒரு தாள் அச்சடித்தார்கள். இவர் ஐ.ஸி.யு.வை விட்டு வெளியேற என்ன நடக்க வேண்டும், இவருக்கு இன்றைக்குள்ள பெரிய ஆபத்து எது, வலிக்கு என்ன, ஆகாரம் என்ன, எந்தக் குழாயை எடுக்கலாம் என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொரு கட்டிலருகிலும் அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். எட்டு வாரத்தில் 100-க்கு 95 பேருக்கு மேல் 'புரிந்தது' என்றார்கள். நோயாளிகள் அந்த ஐ.ஸி.யு.வில் தங்கும் காலம் சராசரி 2.2 நாளிலிருந்து 1.1 நாளாகக் குறைந்தது. இது 2003-இல் வெளிவந்த விவரம். ஒரு தாள் செய்த வேலை!

நர்ஸ் 'நில்லுங்கள்' என்றால்

அதே ஆஸ்பத்திரியில் பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற டாக்டர் இன்னொன்றும் செய்தார். ஐ.ஸி.யு. நோயாளிகளுக்குக் கழுத்திலோ மார்பிலோ ஒரு பெரிய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செருகி வைப்பார்கள். அதன் வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்க ஐந்து காரியங்கள் போதும்: கை கழுவுதல், தொப்பி, முகமூடி, கையுறை போட்டு நோயாளியைச் சுத்தமான விரிப்பால் மூடுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், முடிந்தவரை தொடை இடுக்கில் குழாய் போடாதிருத்தல், தேவை முடிந்தவுடன் குழாயை எடுத்துவிடுதல்.

இதில் என்ன அதிசயம், எந்த டாக்டருக்குத்தான் தெரியாது என்பீர்கள். தெரியும்தான். ஆனால் அவசரத்தில் ஒன்று விட்டுப்போகும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குழந்தை அழுதால் ஓடுகிறோமே, அப்படித்தான். ஆகவே நர்ஸுகளுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார்கள். டாக்டர் ஒரு படியை விட்டுவிட்டால், எவ்வளவு பெரிய டாக்டரானாலும் 'நில்லுங்கள்' என்று சொல்லலாம். நிர்வாகம் நர்ஸின் பக்கம் நிற்கும்.

2003-இல் தொடங்கி மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.ஸி.யு.க்களில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். 18 மாதங்களில் இந்தக் குழாய் வழித் தொற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. விலை உயர்ந்த கருவி எதுவும் வாங்கவில்லை. கீழே இருப்பவர் வாயைத் திறந்து பேசலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். புது மருமகள் 'அம்மா, அடுப்பை அணைக்கலை' என்று பயப்படாமல் சொல்லக்கூடிய வீட்டில்தான் தீ விபத்து நடக்காது, இல்லையா?

மருந்தாளுநர் விஷயத்திலும் இப்படித்தான். பாஸ்டன் நகரத்து மாஸச்சூஸெட்ஸ் பொது மருத்துவமனையில், காலைச் சுற்றில் மருந்தாளுநரையும் கூட அழைத்துப் போனார்கள். டாக்டர் மருந்து எழுதும்போதே 'இது சிறுநீரகத்துக்கு ஆகாது, அளவைக் குறைக்கலாமே' என்று அவர் சொல்லிவிடுவார். எழுதுவதில் ஏற்படும் பிழைகளால் நோயாளிக்கு நேரும் தீங்கு மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாக 1999-இல் எழுதினார்கள்.

பிஸியோதெரபி பற்றி ஒரு வார்த்தை. "இப்பத்தான் உயிர் பிழைச்சிருக்காங்க, அதுக்குள்ளே எழுப்பி உட்காரவெச்சு ஹிம்ஸை பண்றாங்களே" என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் வேண்டாம். வென்டிலேட்டரில் இருந்த 104 பேரை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்தது. சீக்கிரமே உடற்பயிற்சி ஆரம்பித்தவர்களில் 100-க்கு 59 பேர் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்ளும் நிலையில் ஆஸ்பத்திரியை விட்டுப் போனார்கள். தாமதமாக ஆரம்பித்தவர்களில் 35 பேர்தான். எப்போது எழுப்பலாம், எப்போது கூடாது என்று அவர்கள் சேர்ந்து பேசித்தான் முடிவு செய்வார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வது ஏன்?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பல சமயம் அவர்கள் சொல்வது முரண்பாடு அல்ல. இதய டாக்டர் 'தேவலை' என்றது இதயத்தைப் பற்றி. தீவிர சிகிச்சை டாக்டர் 'சொல்ல முடியாது' என்றது முழு ஆளைப் பற்றி. காலை எட்டு மணி நிலைமை வேறு, சாயங்காலம் ஆறு மணி நிலைமை வேறு. நர்ஸ் பதில் சொல்லாததும் அலட்சியம் அல்ல. நோய் எப்படிப் போகும் என்று சொல்வதை டாக்டரிடம் விட்டிருக்கிறார்கள். 'ராத்திரி தூங்கினாங்களா, வலி இருந்ததா?' என்று கேட்டுப் பாருங்கள், அழகாகச் சொல்வார்.

சில சமயம் நிஜமாகவே முரண்பாடு இருக்கும். அப்போது சும்மா இருக்கக் கூடாது. சண்டையும் போட வேண்டாம். "டாக்டர், காலையிலே இப்படிச் சொன்னாங்க, இப்ப நீங்க இப்படிச் சொல்றீங்க. எங்களுக்குக் குழப்பமா இருக்கு. எல்லாருமா சேர்ந்து என்ன முடிவு பண்ணியிருக்கீங்கன்னு ஒருத்தரா உட்கார்ந்து சொல்ல முடியுமா?" என்று தன்மையாகக் கேளுங்கள். இது நம் உரிமை. நல்ல ஐ.ஸி.யு.வில் இதை வரவேற்பார்கள்.

குழுவில் நீங்களும் ஒருவர்

1. வீட்டின் சார்பில் பேச ஒரே ஆள் போதும். பெரியப்பா ஒரு தடவை, மாப்பிள்ளை ஒரு தடவை என்று பத்துப் பேர் கேட்டால், டாக்டருக்கு நோயாளியைப் பார்க்க நேரம் இராது. அந்த ஒருவர் கேட்டு வந்து, குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே செய்தியாகப் போடட்டும். அவர் மனத்தைரியம் உள்ளவராக இருக்கட்டும், வயதில் மூத்தவர்தான் வேண்டும் என்பதில்லை.

2. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருந்துகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். லேகியம், சூரணம், நாட்டு மருந்து எதையும் மறைக்க வேண்டாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3. ஒரு நோட்டுப் புத்தகம். தேதி போட்டு, யார் வந்தார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மறுநாள் கேட்க வேண்டியதையும் குறித்துவையுங்கள். பதற்றத்தில் கேட்டது காதில் நிற்காது. டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளில் நர்ஸுகளே நோயாளிக்காக இப்படி ஒரு டயரி எழுதும் வழக்கம் உண்டு. பிழைத்து வந்தவர், நினைவில் இல்லாமல் போன நாட்களைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொள்ள அது உதவும்.

4. உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். உங்களுக்கு ஜலதோஷம் இருந்தால் போகாதீர்கள். உங்களைத் தொடவரும் யாராவது கை கழுவ மறந்தால், மரியாதையாக ஞாபகப்படுத்தலாம்.

5. மூக்குக்கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுங்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் படுத்திருந்தால் புத்தி தடுமாறத்தான் செய்யும்.

6. துளசி தீர்த்தம், புனித நீர், இளநீர் என்று ஒரு ஸ்பூன்கூட நீங்களாக வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அது நேராக நுரையீரலுக்குள் போய்விடும். விபூதியோ குங்குமமோ இட வேண்டுமானால் நர்ஸிடம் கேட்டு இடுங்கள்.

7. நினைவில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன கிழமை, பேரன் பரீட்சை எழுதினான் என்று பேசுங்கள். காதில் விழலாம். அதே காரணத்தால், கட்டிலருகே நின்று அழுவதும் பணக்கணக்குப் பேசுவதும் வேண்டாம்.

8. முறை போட்டுத் தூங்குங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய் ராப்பகலாக வராந்தாவில் கிடக்க வேண்டியதில்லை. நீங்களும் படுத்துவிட்டால் அந்த வீட்டை யார் பார்ப்பார்கள்?

கடினமான ஒரு பேச்சு

எல்லோரும் பிழைத்து வருவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பகுதி முழுமையாகாது. ஒரு நாள் டாக்டர் குடும்பத்தாரைத் தனியே உட்காரவைத்து, 'நாங்கள் செய்வது பலன் கொடுக்கவில்லை' என்று சொல்லக்கூடும். நர்ஸும் கூட இருப்பார். அப்போது அவர்கள் கேட்பது, 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்பதல்ல. 'அவரால் பேச முடிந்தால் அவர் என்ன கேட்பார்?' என்பதுதான்.

அதற்குப் பதில் அந்தக் குழுவில் யாரிடமும் இல்லை. நம்மிடம்தான் இருக்கிறது. "எனக்கு மெஷின் எல்லாம் வேண்டாம், வீட்டிலேயே கண்ணை மூடணும்" என்று பாட்டி சொன்னது டாக்டருக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியும். "எப்படியாவது பேத்தி கல்யாணத்தைப் பார்த்துடணும்" என்று தாத்தா சொன்னதும் அப்படித்தான். இதைச் சொல்வதால் முடிவின் பாரம் உங்கள் தலையில் விழுந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மருத்துவம் அறிந்தவர்கள் ஒரு பாதியைச் சொல்கிறார்கள், மனிதரை அறிந்தவர்கள் மறு பாதியைச் சொல்கிறீர்கள். முடிவு எல்லோருமாகச் சேர்ந்து எடுப்பது. 'நான் சரி என்று சொல்லிவிட்டேனே' என்று காலமெல்லாம் மனத்துக்குள் புழுங்கும் பெண்கள் பலர் உண்டு. அந்தத் தண்டனை வேண்டாம், சகோதரிகளே. அவர் விருப்பத்தை நீங்கள் அவருக்காக எடுத்துச் சொன்னீர்கள், அவ்வளவுதான்.

சில கேள்விகள்

*அப்பா கையைத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்களே, இது கொடுமையில்லையா?*

அரை மயக்கத்தில் மூச்சுக்குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சில சமயம் கட்டுவார்கள். எதற்காக, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். 'நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறேன், அவிழ்க்கலாமா?' என்றும் கேட்டுப் பாருங்கள்.

*நன்றாக இருந்த அம்மா திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார். பைத்தியம் பிடித்துவிட்டதா?*

இல்லை. நோய், மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து ஐ.ஸி.யு.வில் பலருக்கு இந்தத் தடுமாற்றம் வருகிறது. பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடும். உங்களுக்குத்தான் அவர் சுபாவம் தெரியும். ஆகவே மாற்றத்தைக் கண்டவுடன் நர்ஸிடம் சொல்லுங்கள்.

*ஏன் அதிக நேரம் உள்ளே விடுவதில்லை?*

இடநெருக்கடியும் தொற்றுப் பயமும் காரணம். ஆனால் பிரேஸில் நாட்டில் 36 ஐ.ஸி.யு.க்களில் உறவினரை ஒரு நாளில் 12 மணி நேரம் வரை இருக்கவிட்டுப் பார்த்தார்கள். 2019-இல் முடிவு வந்தது. நோயாளியின் மனத்தடுமாற்றம் அதனால் குறிப்பிடும்படி குறையவில்லை. தொற்றும் கூடவில்லை. உறவினரின் கவலையும் மனச்சோர்வும் குறைந்தன. உங்கள் ஆஸ்பத்திரியின் விதி என்ன என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

*வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியும் மாடிப்படி ஏற முடியவில்லை. மறதியும் இருக்கிறது.*

ஐ.ஸி.யு.வில் பல நாள் இருந்தவர்களுக்குத் தசை இளைத்துப்போவதும், மறதியும், கெட்ட கனவுகளும் மாதக்கணக்கில் இருக்கலாம். சோம்பல் என்று கடிந்துகொள்ள வேண்டாம். டாக்டரிடம் சொல்லி, பிஸியோதெரபியையும் சத்துள்ள ஆகாரத்தையும் தொடருங்கள்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், வயது, ரத்த வகை, சாப்பிடும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், முன்பு நடந்த ஆபரேஷன்கள் இவற்றை ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். அது இருக்கும் இடம் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பெரியவர்களோடு சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் ஒரு சாயங்காலத்தில், அவர்கள் மனத்தில் என்ன இருக்கிறது என்றும் மெல்லக் கேட்டுவையுங்கள். தேவையே வராமல் அந்தத் தாள் மஞ்சளாகிப் போனால் ரொம்ப நல்லது.